பிசின் தூள்

லோரோங் கூலிட் சந்தையில்
துருப்பிடித்த டார்ச் விளக்குகளுக்கும்
ஜோடி இல்லாத செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது.
நூற்று எண்பது என்றான். நூற்று ஐம்பது என்றேன்.
அவனுக்கும் வாசிக்கத் தெரியாது
எனக்கும் தெரியாது
பேரம் சுலபமாய் முடிந்தது.

ஈப்போவிலிருந்து அக்கா கேட்டாள்:
"வயலின்னா சம்மணம் போட்டு உக்காரணுமே, உன் முட்டி தாங்குமா?"
நின்றுகொண்டுதான், என்றேன்.
"கோயில்ல வாசிக்கலாமா?"
இது அயர்லாந்துக்காரர்கள் ஆடுவதற்கு, என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் அவள் ஊர் மழை மட்டும் கேட்டது.
"நாப்பத்தாறு வயசுல எதுக்குடி உனக்கு ஆட்டம்?"

சொல்லத் தெரியவில்லை.
ஒரு செவ்வாய் இரவு, பஸ் போய்விட்டது,
ஐந்தடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கினேன்.
உள்ளே ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து
ஒரே பாட்டை முடித்து முடித்துத் தொடங்கினார்கள்,
முதலில் நிறுத்துகிறவர்தான் பில் கட்ட வேண்டும் என்பதுபோல.
மழை விட்டது எனக்குத் தெரியாது.

கற்றுத் தருவது பூன் ஹியான்.
ஏசி ரிப்பேர், வயது இருபத்தொன்பது.
"பெலான் பெலான், காக்கா" என்பான்.
மலாயில் அக்கா என்று பொருள்.
என் வில் எழுப்பும் சத்தத்துக்கு
தமிழ்ப் பொருளும் பொருந்தும்.

ஆறு எண்ணச் சொன்னான்.
தகிட தகிட என்று எண்ணினேன்.
இல்லை, கோழியை வெட்டுவதுபோல் சமமாக வெட்டாதே.
மூன்றில் முதலாவது கொஞ்சம் சாய்ந்து நிற்கும்,
நடுவில் உள்ளது ஒதுங்கி வழிவிடும்,
மூன்றாவது ஓடிவந்து பஸ்ஸைப் பிடிக்கும்.
என் மூன்றாவதுக்கு
எப்போதும் பஸ் போய்விடும்.

ரெலாவில் பதினோராவது மாடி.
ஏசி போட்டால் பிருடை வழுக்குகிறது
நிறுத்தினால் வீங்கி இறுகுகிறது.
மக்ரிப் பாங்குக்கு முன்னால் கூடாது, பின்னாலும் உடனே கூடாது,
எதிர்வீட்டுக் கைக்குழந்தை எட்டரைக்குத் தூங்கும்.
எனக்கு மிச்சம் நாற்பது நிமிடம்.
அதில் பத்து, சுதி சேர்க்க.
சேராது.

பகலில் நான் பாயான் லெபாசில்
தூசுக்கு அனுமதியில்லாத அறையில் வேலை.
தலைமுடி மூடி, வாய் மூடி, கண் மட்டும் ஆளாய்
சிலிக்கன் தகடுகளில் துகள் தேடுகிறேன்.
பதினெட்டு வருடம். கை ஒருமுறை நடுங்கியதில்லை.
அந்தக் கைதான்
வீட்டில் வில்லைப் பிடித்தால்
முதல் நாள் ஸ்கூல்பிள்ளை மாதிரி உதறுகிறது.
வில்லில் தேய்க்கும் பிசினோ
எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. இமையில். சேலை மடிப்பில்.
நுழைவாயிலில் காற்றுக்கூண்டு என்னை நாலு பக்கமும் ஊதுகிறது
நான் கைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறேன்,
தா...கிட, தா...கிட.

நேற்று செவ்வாய்.
வட்டத்தில் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள்.
தெரிந்த இடத்தில் மட்டும் வாசி, என்றான் பூன் ஹியான்.
தெரிந்த இடம் எது என்று தேடுவதற்குள்
பாட்டு கிளம்பிவிட்டது.
தந்திக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில்
வில்லை ஓட்டினேன்
தொடாமல்.
முதல் சுற்று முழுக்க. இரண்டாம் சுற்று முழுக்க.
பல் மருத்துவர் ரோஸ்லினா
குழல் ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்,
நன்றாக வருகிறது என்று.
மூன்றாம் சுற்றில் வேர்த்த விரல் வழுக்கி
வில் உட்கார்ந்துவிட்டது.

தப்பான சுரம்.
ஆனால் பஸ்ஸைப் பிடித்த தப்பு.

யாரும் திரும்பவில்லை.
பாட்டு அதன்மேல் ஏறி
அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

இன்று காலை ஷிப்டில்
நாலாவது தகட்டில் ஒரு துகள்.
மஞ்சளா, பழுப்பா, வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
மோவாய்க்குக் கீழே தழும்பு அரித்தது, சொறிய முடியாது.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
ஈரப்பதம், என்று எழுதினேன்.